கார் ஒன்று, களம் மூன்று: பழைய மஸில் காரை எந்த வகுப்புக்குக் கட்டுவது?

1970-இல் அமெரிக்காவின் ஹாட் ராட் இதழ் சோதித்துப் பார்த்த ஷெவர்லே நிறுவனத்தின் ஷெவெல் எஸ்.எஸ். 454, எல்.எஸ்.6 என்ற பெரிய எஞ்சின் போட்டது, கால் மைலை 13.44 வினாடியில் ஓடியது. கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 108.17 மைல். கடைசி வேகம் எஞ்சினின் பலத்தைச் சொல்லும். நேரமோ, அந்தப் பலத்தில் எவ்வளவு தரையில் இறங்கியது என்பதைச் சொல்லும். 1363-ஐக் கடைசி வேகத்தால் வகுத்தால், நல்ல பிடிப்பு இருந்தால் அந்தக் கார் ஓட வேண்டிய நேரம் கிடைக்கும் என்பது டிராக் ரேஸ் (நேர்ப்பாதையில் கால் மைல் ஓட்டம்) ஓட்டுபவர்களின் தோராயக் கணக்கு. 108.17-ஆல் வகுத்தால் 12.60 வருகிறது. மிச்சம் 0.84 வினாடி முக்கால்வாசியும் பின் டயரில் புகையாகப் போயிருக்கிறது.

வெளித்தோற்றம் கெடாமல் பழைய மஸில் காரை (1960, 70-களில் பெரிய எஞ்சினோடு வந்த அமெரிக்கக் கார்) டிராக் ரேஸில் ஓட்ட நினைப்பவர்களுக்கு மூன்று களங்கள் உண்டு. பியூர் ஸ்டாக்; ஃபாஸ்ட் (ஃபேக்டரி அப்பியரிங் ஸ்டாக் டயர் என்ற பெயரின் முதலெழுத்துகள்); அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. நடத்தும் ஸ்டாக் எலிமினேட்டர். மூன்றிலும் பழைய மஸில் கார்கள் ஓடுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம்கூடத் தெரியாது. ஒன்றுக்காகக் கட்டிய காரை இன்னொன்றுக்கு மாற்ற நினைக்கும்போதுதான் பர்ஸ் கனம் குறைவது தெரியும். அதனால் எஞ்சினைக் கழற்றும் முன்பே களத்தை முடிவு செய்துவிட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு ஒரே காரை எடுத்துக்கொள்வோம்: 1970 ஷெவெல், எல்.எஸ்.6. போர் (சிலிண்டரின் விட்டம்) 4.251 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 4.00, அறிவித்த கம்ப்ரஷன் விகிதம் 11.25, 780 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்று விடும்) ஹாலி கார்புரேட்டர், நிமிடத்துக்கு 5,600 சுற்றில் 450 குதிரைசக்தி. உங்களிடம் ப்யூக் ஸ்டேஜ் 1 இருந்தாலும் ப்ளிமத் 440 சிக்ஸ் பேரல் இருந்தாலும் தர்க்கம் இதுவேதான். பலவீனங்கள் மட்டும் மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் டயர். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டாவது, எஞ்சினுக்குள் எவ்வளவு கை வைக்கலாம். மூன்றாவது, காரின் அசல்தன்மைக்கு என்ன ஆகும். பிளாக்கில் அடித்த எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒத்துப்போகும் கார் என்றால் இதுவே முதல் கேள்வியாகிவிடும். நான்காவது, திரும்பத் திரும்ப வரும் செலவு. கடைசியாக, அங்கே ஜெயிப்பது எது: டியூனிங்கா, ஓட்டுநரின் காலா, பணமா.

குதிரைசக்தியை அளவுகோலில் சேர்க்காதது தெரிந்தேதான். டயர் தாங்காத சக்தி எஞ்சினில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

| | பியூர் ஸ்டாக் | ஃபாஸ்ட் | ஸ்டாக் எலிமினேட்டர் |
|---|---|---|---|
| டயர் | தெரு டயர். ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்) இல்லை | அந்தக் கால அளவில் பயஸ்-ப்ளை (பழைய வகைக் குறுக்கிழை டயர்) | 9 அங்குல ஸ்லிக் |
| போர், ஸ்ட்ரோக் | தொழிற்சாலை ஸ்ட்ரோக். போர் சிறிது பெரிதாகலாம் | உள்ளே கொள்ளளவைக் கூட்டலாம் | தொழிற்சாலை ஸ்ட்ரோக். போர் சிறிது பெரிதாகலாம் |
| ஹெட் போர்ட் (சிலிண்டர் ஹெட்டின் காற்றுப்பாதை) அரைப்பு | கூடாது | செய்யலாம் | கூடாது |
| எக்ஸாஸ்ட் | வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, சைலன்சர் | வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, சைலன்சர் | ஹெடர் (குழாய்களால் ஆன ரேஸ் எக்ஸாஸ்ட்) போடலாம் |
| ஓடும் நேரம் | பெரும்பாலும் 12, 13 வினாடிகள்; தேர்ந்தவை 11-களில் | பெரும்பாலும் 11-களிலும் 10-களிலும் | வகுப்பைப் பொறுத்தது; பெரிய எஞ்சின்கள் 10-களிலும் அதற்குக் கீழும் |
| போட்டி முறை | நேரம் நெருங்கிய இருவர், மூன்றில் இரண்டு | ஒத்த நேரக் கார்கள் நேருக்கு நேர் | கணித்த நேரம், முன்பின் புறப்பாடு |
| ரோல் பார் (கார் உருண்டால் காக்கும் குழாய்) | பெரும்பாலும் தேவைப்படாது | 11.49-ஐத் தொட்டால் கட்டாயம் | பெரிய எஞ்சின் வகுப்புகளில் கட்டாயம் |

விதித்தாள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படும். பாகம் வாங்கும் முன் நடப்பு ஆண்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

## பியூர் ஸ்டாக்: அளந்து கட்டுபவருக்கு

இதன் பெரிய திருவிழா மிச்சிகன் மாநிலத்து ஸ்டான்டனில், மிட்-மிச்சிகன் மோட்டார்ப்ளெக்ஸில் செப்டம்பரில் நடக்கிறது. முதல் நாள் நேரம் எடுப்பார்கள். அடுத்த நாள் நேரம் நெருங்கிய இரண்டு கார்களை ஜோடி சேர்த்து மூன்று ஓட்டம் விடுவார்கள். அதனால் 14 வினாடி கார் வைத்திருப்பவருக்கும் ஒரு நல்ல சண்டை கிடைக்கும்.

"ஸ்டாக் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி" என்று நினைத்துப் போனால் தோற்றுத்தான் திரும்ப வேண்டும். இங்கே ஜெயிப்பவை தொழிற்சாலை *காகிதத்தில் எழுதியபடி* கட்டிய எஞ்சின்கள். எழுதியதும் வார்த்ததும் ஒன்றல்ல. எல்.எஸ்.6-இன் ஒரு சிலிண்டர் 930 சி.சி. கம்ப்ரஷன் 11.25 வர வேண்டுமானால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 90.8 சி.சி.யாக இருக்க வேண்டும். பழைய எஞ்சினைத் திறந்து பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்து பாருங்கள், 100 சி.சி. வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 100 என்றால் கம்ப்ரஷன் 10.3. ஏறக்குறைய ஒரு முழுப் புள்ளி காற்றோடு போயிற்று. பிளாக்கின் மேல்தளம் 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) உயரமாக நின்றாலே ஒரு சிலிண்டருக்கு 4.7 சி.சி. கூடிவிடும். பிளாக்கை அளவுக்கு இறக்கிச் சமன் செய்வது, எட்டு அறைகளையும் ஒரே சி.சி.க்குக் கொண்டுவருவது, கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) காகிதத்தில் உள்ள டிகிரிக்கு நிறுத்துவது: இந்த மூன்றும் சரியாக அமைந்தால் எஞ்சின் ஆளே மாறிவிடும்.

பிறகு டியூனிங். வாக்குவம் அட்வான்ஸைக் கழற்றிவிட்டு மொத்த டைமிங்கை (பிஸ்டன் உச்சிக்கு வர எவ்வளவு முன்பு தீப்பொறி விழ வேண்டும் என்ற அளவு) 34 டிகிரியில் தொடங்குங்கள். 2,500 முதல் 2,800 சுற்றுக்குள் முழுதும் வந்துவிடும்படி டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 டிகிரி ஏற்றி, கடைசி வேகம் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். நேரத்தைப் பார்க்க வேண்டாம். புறப்பாட்டில் சறுக்கினால் அது பொய் சொல்லும். ஷெவெலின் பெரிய பிளாக் பெரும்பாலும் 36, 38-இல் நிற்கும். ப்யூக் 455 இதற்குக் குறைவாகவே கேட்கும். வேகம் ஏறாமல் நின்ற இடத்திலிருந்து 1 டிகிரி பின்வாங்கி விட்டுவிடுங்கள்.

பெட்ரோலில் ஒரு வில்லங்கம் உண்டு. இப்போது பம்பில் வரும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, 1970-இன் ஜெட் அளவில் எரிகலவை 4 சதவீதம் போல மெலிந்துவிடும். ஹாலியில் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) ஒன்றிரண்டு எண் ஏற்ற வேண்டும். அதோடு இந்தப் பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். ஓடி முடித்து எஞ்சினை நிறுத்திய கார், வரிசையில் நிற்கும்போது கார்புரேட்டருக்குள் கொதித்து வழிந்து, அடுத்த ஓட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டு புறப்படும். ஓட்டங்களுக்கு இடையில் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் ஐஸ் பையை வைப்பது வேடிக்கைக்காக அல்ல.

இனி டயர். வரிப்பள்ளம் உள்ள தெரு டயரை, பர்ன் அவுட்டுக்கு (டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) தேங்கியிருக்கும் தண்ணீரில் இறக்கவே கூடாது. பள்ளங்களில் ஏறிய தண்ணீர் புறப்பாட்டுக் கோடு வரை கூடவே வந்து அங்கே சொட்டும். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், உலர்ந்த இடத்தில் ஒரு சின்னச் சுழற்று. டயரில் ஒட்டிய கல்லும் தூசியும் போனால் போதும். காற்றை 28 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி 2, 2-ஆகக் குறைத்துப் பாருங்கள். டயரின் குறுக்கே சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டு சில அடி உருட்டினால், நடு மட்டும் அழிகிறதா ஓரங்கள் மட்டும் அழிகின்றனவா என்று தெரிந்துவிடும். புறப்பாடு 1,000 சுற்றுக்குச் சற்று மேலே; ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதில்லை, முதல் 60 அடிக்கு முட்டையை அழுத்துவது போல அழுத்துவது. முதல் 60 அடியில் 0.1 வினாடி மிச்சமானால் முடிவில் 0.15-க்கு மேல் மிச்சமாகும்.

மறைந்திருக்கும் செலவு: இங்கே பணம் தேடலில் போகும். சரியான வார்ப்பு எண் கொண்ட ஹெட், அந்த ஆண்டுக்குரிய கார்புரேட்டர், விரிசல் விடாத மேனிஃபோல்டு. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டை வாங்கினால், பணம் கொடுக்கும் முன்பே விரிசல் சோதனைக்கும் அழுத்தச் சோதனைக்கும் கொடுங்கள். அப்புறம், காரோடு பிறந்த பிளாக்கை ரேஸில் ஓட்டாதீர்கள். அதை எண்ணெய் பூசிக் கட்டிவைத்துவிட்டு, அதே வகை வார்ப்பில் வேறொரு பிளாக்கைத் தேடிக் கட்டுங்கள். ஒரு கனெக்டிங் ராட் பக்கவாட்டில் வெளியே வந்தால் போவது எஞ்சின் மட்டுமல்ல, காரின் விலையில் பெரும்பகுதியும்.

யாருக்கு: அசல் காரை அசலாகவே வைத்துக்கொள்ள ஆசை, அளவுக்கருவி பிடிக்கப் பொறுமை, வாரக் கடைசியில் அதே காரில் வீடு திரும்ப வேண்டும் என்ற எண்ணம். எங்கள் பார்வையில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குப் பொருந்துவது இதுதான்.

## ஃபாஸ்ட்: பசுத்தோல் போர்த்திய புலி

பானட்டைத் திறந்தால் 1970. ஏர் கிளீனர் மூடி, ஸ்டிக்கர், இரும்பு மேனிஃபோல்டு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. 454 பிளாக்கில் 60 தவ் போர் ஏற்றி 4.25 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கை வைத்தால் 496 கன அங்குலம். 440-இல் 30 தவ்வும் 4.15 கிராங்கும் வைத்தால் 493. வெளியே ஒரு போல்ட்கூட மாறியிருக்காது.

இங்கே சிக்கல், தடுக்கும் சுவர் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. 496 கன அங்குல எஞ்சின் 5,500 சுற்றில் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்கு 789 கன அடி காற்றை இழுக்கும். மேலே உட்கார்ந்திருப்பது அதே 780 ஹாலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவது போலத்தான். ஆகவே 7,000 சுற்று ரேஸ் எஞ்சின் கட்டும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் பணம் பாழ். 6,000 சுற்றுக்குக் கீழேயே வேலையை முடிக்கும் ரோலர் கேம், தாழ்ந்த லிஃப்ட்டிலேயே (வால்வு திறக்கும் உயரம்) காற்றை விடும்படி அரைத்த போர்ட், உட்புறம் மட்டும் தேய்த்து வழவழப்பாக்கிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. கலை முழுதும் இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எரிபொருள் பக்கமும் இதே கதை. மெக்கானிக்கல் பம்ப் கார்புரேட்டர் கிண்ணத்தை நிரப்புவதைவிட எஞ்சின் வேகமாகக் குடிக்கும். மேல் கியரில் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். சோதனை ஓட்டத்தின்போது கண்ணாடிக்கு வெளியே ஒரு ஃப்யூயல் பிரஷர் மீட்டரை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டும்போது 3 பி.எஸ்.ஐ.க்குக் கீழே விழுந்தால் ஜெட்டைத் தொட வேண்டாம்; பைப்பையும் டாங்கியின் உறிஞ்சு குழாயையும் பாருங்கள்.

பின் ஆக்சில் விகிதத்தை (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை) கணக்குப் போட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். வேகம் × விகிதம் × 336, வகுத்தல் டயரின் விட்டம். எஃப்60-15 டயர் ஏறத்தாழ 26 அங்குலம். பியூர் ஸ்டாக்கில் 105 மைலுக்கு 4.10 என்றால் 5,560 சுற்று. ஆட்டோமேட்டிக்கின் வழுக்கல் சேர்ந்தால் 5,800-ஐத் தாண்டும். ஃபாஸ்ட்டில் 125 மைல் ஓடும் காருக்கு அதே 4.10 வழுக்கல் இல்லாமலே 6,620 கேட்கும். இந்த எஞ்சின் அங்கே செத்துவிடும். 3.55-க்கு இறங்கினால் 5,730. விகிதம் தாழ்ந்தால் புறப்பாட்டில் டயர் மேல் விழும் அடியும் குறையும். பயஸ்-ப்ளைக்கு அது இரட்டை லாபம். விகிதம் பெரிதானால்தான் வேகம் என்ற பழைய நம்பிக்கையை இங்கே வாசலிலேயே கழற்றி வைத்துவிடலாம்.

ஷெவெலின் பின் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங். எஞ்சின் முறுக்கும்போது வலது பின் டயரின் மேல் பாரம் குறையும், அது முதலில் சுழலும். வலது காயிலுக்குள் ஒரு ரப்பர் காற்றுப்பையைச் செருகி, இடப்பக்கத்தைவிடக் கூடுதலாகக் காற்று வைத்தால் இரண்டு டயரும் ஒன்றாகக் கடிக்கும். தரையில் விழும் இரண்டு கறுப்புக் கோடுகளும் ஒரே நீளத்துக்கு வரும்வரை காற்றை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மறைந்திருக்கும் செலவு: எஞ்சின் பில்லை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். நேரப் பலகையில் இருக்கும் மூன்று கோடுகளைப் போட மாட்டார்கள். என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி 11.49-ஐத் தொட்டால் ரோல் பார் வேண்டும். மேனுவல் கியர் என்றால் சான்று பெற்ற ஃப்ளைவீலும், கிளட்ச் வெடித்தால் தாங்கும் எஃகு உறையும் வேண்டும். 10.99-ஐத் தொட்டால் தொழிற்சாலை ஆக்சில் கம்பியை எடுத்துவிட வேண்டும். ஷெவெலின் 12-போல்ட் ஆக்சிலில் கம்பியை உள்ளே பிடித்திருப்பது ஒரு சின்ன சி-கிளிப்தான். கம்பி முறிந்தால் சக்கரம் கம்பியோடு வெளியே வந்துவிடும். 9.99 என்றால் முழு ரோல் கேஜும் (ஓட்டுநரைச் சுற்றிய குழாய்க் கூண்டு) ரேஸ் ஓட்டுநர் உரிமமும். ரோல் பாரை நிறுத்த அசல் தரைத் தகட்டில் வெல்டிங் வைக்க வேண்டும், கம்பளத்தை வெட்ட வேண்டும். தோற்றத்துக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு, பின் கண்ணாடி வழியே பார்ப்பவருக்கு முதலில் தெரிவது அந்தக் குழாயாகத்தான் இருக்கும்.

கம்ப்ரஷன் 12-ஐத் தாண்டினால் இரும்பு ஹெட்டுக்கு ரேஸ் பெட்ரோல்தான். விலை பம்ப் பெட்ரோலைப் போல இரண்டு மூன்று மடங்கு, அதுவும் பீப்பாயில் வாங்க வேண்டும். ரோட்டில் ஓட்டி வந்து ரேஸ் ஓட்டித் திரும்புவது அத்தோடு முடிந்தது. இழுத்துச் செல்ல டிரெய்லர், டிரெய்லரை இழுக்க ஒரு டிரக். யானையை வாங்கியாயிற்று, இனி தீனியும் உண்டு.

யாருக்கு: அசல் எஞ்சின் ஏற்கெனவே தொலைந்துபோன நல்ல உடல்கட்டுள்ள கார், மறைப்பதிலேயே இன்பம் காணும் மனம், மாதக் கணக்கில் பணிமனையில் உட்காரும் பொறுமை. எண் ஒத்துப்போகும் அபூர்வக் காரை இதற்குக் கொண்டுவர வேண்டாம். எல்.எஸ்.6 எஞ்சினோடு 1970-இல் வந்தவை மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம். சாதாரண ஷெவெல் மாலிபுவை எடுத்துக்கொண்டாலும் அதே தகடு, அதே சேசிஸ்; ஆனால் அந்த மாடலை எல்.எஸ்.6 வேடத்தில் ஏற்பார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

## ஸ்டாக் எலிமினேட்டர்: பிடிப்புக்குப் பஞ்சமில்லை

9 அங்குல ஸ்லிக் வந்ததும் மேலே எழுதியதில் பாதி செல்லாது. 60 அடியில் இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும்; முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். ஹெடர் போடலாம். கேமில் லிஃப்ட் தொழிற்சாலை அளவைத் தாண்டக் கூடாது, வால்வு திறந்திருக்கும் காலம் உங்கள் இஷ்டம். அந்த ஒரு வாசலில்தான் அரை நூற்றாண்டு மூளை வேலை நடந்திருக்கிறது: வால்வைச் சட்டென்று திறந்து, உச்சத்தில் நிறுத்தி, சட்டென்று மூடும் சதுர மூக்குக் கேம்கள். அதன் விலையை வால்வு ஸ்பிரிங் கொடுக்கும். ஸ்பிரிங் செலவைப் பெட்ரோல் செலவோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்பு, எடைக்கும் குதிரைசக்திக்கும் உள்ள விகிதத்தில் அமையும். அந்தக் குதிரைசக்தி தொழிற்சாலை சொன்னதல்ல, என்.எச்.ஆர்.ஏ. நிர்ணயிப்பது. உங்கள் மாடல் மிக வேகமாக ஓடத் தொடங்கினால் அந்த எண்ணை ஏற்றிவிடுவார்கள். எலிமினேஷனில் (தோற்றவர் வெளியேறும் சுற்றுகள்) ஓடப்போகும் நேரத்தை நீங்களே சொல்ல வேண்டும்; மெதுவான கார் அந்த வித்தியாசத்தளவு முன்னதாகப் புறப்படும்; அதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. ஒரே வகுப்புக் கார் இரண்டு சந்தித்தால் மட்டும் நேருக்கு நேர். ஆகவே இங்கே பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயிப்பது பச்சை விளக்குக்குக் கால் எழும்பும் வேகமும், பத்து ஓட்டமும் நூறில் இரண்டு வினாடிக்குள் நிற்கும் காரும்தான். வெற்றி பெற்றவர் எஞ்சினைக் கழற்றிக் காட்ட வேண்டி வரலாம். அறை சி.சி., கேம் லிஃப்ட், போர்ட் எல்லாவற்றையும் அளப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஸ்லிக் பிடித்தால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ், அடுத்தது ஆக்சில், அதற்கடுத்தது டிரைவ் ஷாஃப்ட். சங்கிலியில் ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால் அடுத்த கண்ணி வாய் திறக்கும். கேஜ் வைத்து, பின் ஆக்சிலை மாற்றிய காரை மறுபடி தெருக்காராக்குவது நடக்காத காரியம்.

யாருக்கு: காரைவிடப் போட்டி முக்கியம், ஆண்டுக்குப் பல ஊர்களில் ஓட வேண்டும். தோற்றம் உங்களுக்கு இரண்டாம்பட்சம் என்றால் தயங்க வேண்டியதில்லை. முதல்பட்சம் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

## இன்னும் தயங்குகிறீர்களா?

இருக்கிற காரை இருக்கிறபடி ஆறு ஓட்டம் ஓட்டி, ஆறு நேரச் சீட்டையும் வைத்துக்கொண்டு 1363 கணக்கைப் போடுங்கள்.

வகுத்து வந்த நேரத்துக்கும் ஓடிய நேரத்துக்கும் 0.8-க்கு மேல் இடைவெளி என்றால் எஞ்சினில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். டயர் காற்று, ஷாக் அப்சார்பர், புறப்பாடு, இவற்றில் கைவையுங்கள். தற்போதைக்கு உங்கள் இடம் பியூர் ஸ்டாக். இடைவெளி 0.4-க்குள், அதுவும் தெரு டயரில் என்றால் உங்கள் கால் தேறிவிட்டது, எஞ்சின்தான் பின்தங்குகிறது. ஃபாஸ்ட்டைப் பற்றி யோசிக்கலாம். ஆறு சீட்டிலும் 60 அடி நேரம் ஒன்றுக்கொன்று நூறில் மூன்றுக்குள் நிற்கிறதென்றால், ஸ்லிக் மாட்டும் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. கடைசி வேகம் மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் 2 மைல் ஏறி இறங்குகிறதா? களத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, தீப்பொறி நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் எடைகளின் ஊசியில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள்.